மூடியில் கீறல் விழுந்த மெஷின்

நகரி
21.6.2009

அன்புத் தம்பி கிரணுக்கு,

அக்கா பத்மினி எழுதுகிறேன். நைனா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் அரிசியைப் பொறுக்கி வெளியே போடுகிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பெங்களூர்க் குளிர் பழகிவிட்டதா?

போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் "மீட்டிங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எங்கள் தமிழ் மீடியம் ஹைஸ்கூலுக்கு ஐந்து கம்ப்யூட்டர் வந்திருக்கிறது! திருப்பதியில் ஒரு லாட்ஜ்காரர் தன் பிரௌசிங் சென்டரை மூடிவிட்டார். பழைய மெஷின்களை ஒரு செகண்ட்ஹேண்ட் கடையில் சோதிக்கச் சொல்லி எங்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். போன வாரம் ஹெட்மாஸ்டர் சின்னசாமி சாரும் நானும் போய் அந்தக் கடையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வெயில், கூட்டம், கோவிந்தா சத்தம். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

பென்டியம் த்ரீயாம். ராம் 128 எம்.பி. உள்ளே ஒன்றும் இல்லை, காலி. "திருட்டு விண்டோஸ் போட்டீங்கன்னா தொலைஞ்சீங்க" என்று டி.இ.ஓ. ஆபீசில் தெலுங்கில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லி அனுப்பினார்கள். லினக்ஸ் இலவசம் என்கிறார்கள். அதில் எந்த லினக்ஸ் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: திரையில் தமிழ் வரவேண்டும். மண்டலத்தில் தெலுங்கு மீடியம் பிள்ளைகளுக்கு எல்லாம் வந்தாகிவிட்டது. நம் பிள்ளைகள்தான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ சாப்ட்வேர் என்ஜினீயர், நீ சொல்லு. நானோ வித்யா வாலண்டியர் என்கிற தற்காலிக டீச்சர், ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும் தெரியும்.

நைனாவை இப்போது கையில் பிடிக்க முடியவில்லை. மாந்தோப்புக்காரர் வீட்டில் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்களாம். முப்பது வருஷம் அந்த வாசலில் நின்றே கூலி வாங்கியவர். "எம்புள்ள பெங்களூர்ல கம்ப்யூட்டரையே ஆட்டி வெக்கிறான், அதான் சேர் போட்டாங்க" என்று பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா பத்மினி


திருப்பதி
4.7.2009

டேய் வேங்கடேஷ்,

நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, அவ்வளவு உபத்திரவம் கொடுக்கிறேன் உனக்கு. பெங்களூர் ரூமுக்கு வந்த அக்கா கடிதத்தை நீ இங்கே அனுப்பியது கிடைத்தது. இத்துடன் இருக்கும் உறையை நம் பழைய ரூம் பக்கத்துத் தபால் பெட்டியில் போடு. முத்திரை பெங்களூர் என்று விழ வேண்டும். ஜனவரியில் நம் கம்பெனியில் முப்பது பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பியதும், அதில் நானும் ஒருவன் என்பதும் வீட்டுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் நாகபூஷணம் கடையில் பழைய கம்ப்யூட்டர் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாசம் ஒரு கூத்து. ஐந்து மெஷினை ஒரு ஸ்கூல் வேனில் ஏற்றச் சொன்னார் முதலாளி. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வேன் பக்கத்தில் அக்கா நிற்கிறாள்! பத்தடி தூரம். மானிட்டரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது பார், அதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

உன்
கிரண்


பெங்களூர்
4.7.2009

அன்புள்ள அக்காவுக்கு,

கிரண் எழுதுவது. நான் நலம். அம்மாவின் கண் சிகிச்சையைத் தள்ளிப் போடாதே. நைனாவைக் கேட்டதாகச் சொல்.

128 எம்.பி. ராமுக்கு மூன்று லினக்ஸ் சொல்லலாம். முதலாவது பப்பி. சிடியிலிருந்தே ஓடும், வேகம். ஆனால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்துருவை நாம்தான் ஏற்ற வேண்டும். அதோடு உட்காருகிற பிள்ளை எல்லாருக்கும் முழு அதிகாரம், எதை வேண்டுமானாலும் அழித்துவிடலாம். இரண்டாவது சுபுண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த சிடி இந்த ராமில் திறப்பதற்குள் உன் பீரியட் முடிந்துவிடும். மூன்றாவது டெபியன். இன்ஸ்டால் பண்ணும்போது வெறும் எழுத்துத்தான் வரும், பயப்படாதே. முகப்புக்கு எது வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். எல்.எக்ஸ்.டி.ஈ. என்பதைத் தேர்ந்தெடு. அதுதான் இருப்பதிலேயே லேசு. கே.டி.ஈ., க்னோம் பக்கம் போகவே போகாதே, இந்த மெஷின் தாங்காது. முதலில் இங்கிலீஷில் போட்டு முடி. தமிழுக்கு மாற்றும் கட்டளைகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். போனில் சொன்னால் தப்பாக அடிப்பாய். சிடியும் வைத்திருக்கிறேன்.

ஆபீசில் வேலை அதிகம். பதில் தாமதமானால் கோபிக்காதே.

உன் தம்பி
கிரண்


நகரி
26.7.2009

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சிடி வந்தது. ஆனால் நீ சொன்னதைச் செய்ய விட்டால்தானே! ஹெட்மாஸ்டருக்கு அந்த எல்.எக்ஸ்.டி.ஈ. பிடிக்கவில்லை. "என்னாம்மா இது, மொட்டையா கீது? ஆபீசர் வந்து பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு? கிராண்டா ஒண்ணு போடு" என்றார். அவருடைய மருமகன் வேறொரு சிடி கொடுத்தார். பெரிய பெரிய படம், கீழே நீலப்பட்டை, ஜன்னல் திறந்தால் நிழல் விழுகிறது. கே.டி.ஈ. தான். போடாதே என்று நீ எழுதியதைத் தெரிந்தே போட்டேன். காலை பிரேயருக்கு மணி அடிக்கும்போது ஆன் பண்ணினால், பிரேயர் முடிந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்தும் அது திறந்தபாடில்லை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கரகரவென்று சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

இப்போது மறுபடி நீ சொன்னதற்கே வருகிறேன். முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா? மெஷினைப் பற்றி வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அக்கா
பத்மினி


பெங்களூர்
3.8.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அழித்துவிட்டுப் போடு, ஒன்றும் ஆகாது. மெஷினால் தாங்க முடிகிறதைத்தான் அதன் தலையில் வைக்க வேண்டும். ஹெட்மாஸ்டரிடம் நீயே சொல். அல்லது பெங்களூரில் பெரிய ஆபீசில்கூட இதைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று என் பெயரைச் சொல்லிக்கொள்.

மூடியில் கீறல் விழுந்த மெஷினில் மட்டும் விசிறி கத்தும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடு. அதை ரொம்ப நேரம் ஓட்டாதே.

ரிலீஸ் வேலை கழுத்தை நெரிக்கிறது. அம்மா கண்ணுக்கு என்ன முடிவு செய்தீர்கள்?

தம்பி
கிரண்


நகரி
13.8.2009

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வருகிற திங்கள், 17ஆம் தேதி. திருப்பதியில்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில். மூன்று நாள் அங்கேயே இருக்க வேண்டும். நைனாவும் நானும் கூட இருப்போம். "கெரணு வருவானாடி?" என்று அம்மா கேட்டாள். "பெங்களூர்லேருந்து இதுக்கோசரம் ஓடியாருவானா? அவன் வேலைய அவன் பாக்கட்டும்" என்று நைனா சொல்லிவிட்டார். தெரியப்படுத்த வேண்டியது என் கடமை, எழுதிவிட்டேன்.

எண்ணெய் விட்டேன். சத்தம் குறைந்தது.

பத்மினி


திருப்பதி
24.8.2009

வேங்கடேஷ்,

அக்கா கடிதம் இன்றுதான் உன் கவரில் வந்தது. அம்மாவை 17ஆம் தேதி இங்கே, இதே திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 20ஆம் தேதி ஊருக்கே கூட்டிப்போயிருப்பார்கள். அந்த மூன்று நாளும் நான் கடையில் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க் துடைத்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்க அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் போவேன். அக்கா போன் பண்ணியிருந்தால்? பண்ணியிருந்தாலும் எந்த முகத்தோடு போயிருப்பேன், எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்றால் என்ன சொல்லியிருப்பேன்? போயிருக்க மாட்டேன்டா. அது எனக்கே தெரிகிறது.

அக்காவுக்கு நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். போட்டுவிடு.

கிரண்


பெங்களூர்
24.8.2009

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் தாமதமாகக் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். லீவு கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்.

கிரண்


நகரி
4.10.2009

அன்புத் தம்பிக்கு,

ஏழு வாரமாக உனக்கு எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

அம்மாவுக்குக் கண் தெளிந்துவிட்டது. இப்போது அரிசியில் கல் மட்டும் அல்ல, என் தலையில் நரையும் தெரிகிறது என்கிறாள்.

ஐந்து மெஷினும் உன் டெபியன், உன் எல்.எக்ஸ்.டி.ஈ. போட்டு ஓடுகிறது. மெனுவில் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஏழாம் வகுப்புப் பெண்கள் தங்கள் பெயரைத் தமிழில் அடித்துத் திரையில் பார்த்துவிட்டு ஓவென்று கத்தினார்கள், பக்கத்து வகுப்பு சார் அடிதடி என்று நினைத்து ஓடிவந்தார். மொட்டையாக இருக்கிறது என்று இப்போது ஹெட்மாஸ்டர் சொல்வதில்லை.

நவம்பர் 14ஆம் தேதி கம்ப்யூட்டர் ரூம் திறப்பு விழா. என்னைக் கேட்காமலே ஹெட்மாஸ்டர் நைனாவிடம் பேசிவிட்டார், நைனா நீ வருவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது. 'திறந்து வைப்பவர்: திரு. மு. கிரண்குமார், சாப்ட்வேர் என்ஜினீயர், பெங்களூர்.' வருவாயா? வர முடியாவிட்டால் ஏன் என்று எழுது. உண்மையாக எழுது.

அக்கா
பத்மினி


பெங்களூர்
18.10.2009

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கண் தெளிந்ததில் மிகவும் சந்தோஷம். விழாவுக்கு வர முடியாது. அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து கிளையண்ட் வருகிறார்கள். ஹெட்மாஸ்டரே திறந்து வைக்கட்டும். நைனாவை எப்படியாவது சமாளி.

கிரண்


நகரி
28.10.2009

பெறுநர்: மு. கிரண்குமார், நாகபூஷணம் செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர்ஸ், பஸ் ஸ்டாண்ட் பின்புறம், திருப்பதி

டேய் கிரண்,

உறையில் இந்த விலாசம் எப்படி வந்தது என்று யோசிப்பாய். கம்ப்யூட்டரை ஏற்றிவந்தபோது கடையில் கொடுத்த ரசீதில் இருந்தது. ஜூன் மாசத்திலிருந்தே என்னிடம் இருக்கிறது.

அன்று வேன் பக்கத்தில் நான் உன்னைப் பார்த்தேன். மானிட்டர் முகத்தை மறைத்தது, வாஸ்தவம். உன் நடையை எதைக் கொண்டு மறைப்பாய்? தத்தக்கா பித்தக்கா என்று நீ நடந்ததே என் விரலைப் பிடித்துத்தான். அந்த வாரம்தான் ஸ்டாஃப் ரூமில் என் தம்பி பெங்களூர், என் தம்பி பெங்களூர் என்று வாய் ஓயாமல் பேசியிருந்தேன். பக்கத்தில் ஹெட்மாஸ்டர். கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிடவில்லை. அவருடைய குடைக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டேன். நீ மறைத்தது உன் வேலையை. நான் மறைத்தது என் தம்பியை. இத்தனை மாசமாக அது என்னை அரிக்கிறது.

ஒருவேளை வேறு யாரோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் மூடியில் கீறல் விழுந்த மெஷின் ஒன்று இருக்கிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லையே, விசிறி கத்துவது பெங்களூருக்கா கேட்டது? உன் கடிதம் வந்த அன்றே மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் மார்க்கர் பேனாவில் தமிழில் எழுதியிருந்தது: 'ராம் ஓகே. விசிறி கத்தும். பாவம், பார்த்து வேலை வாங்கு.' தெலுங்குக்காரர் கடையில் வேறு எவன் இப்படித் தமிழில் எழுதி வைப்பான்? உன் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி ஸ்லேட்டு தேய்ந்தது எனக்கு மறந்துவிடுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஆபரேஷனைப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே பெங்களூருக்குக் கடிதம் போட்டேன். அது சுற்றிக்கொண்டு உன்னிடம் வர எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கோபம். ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில் நின்றால் பஸ் ஸ்டாண்ட் தெரியும். மூன்று நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். அம்மா கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். பாவி நான்.

நூற்றைம்பது அழைப்பிதழிலும் 'சாப்ட்வேர் என்ஜினீயர், பெங்களூர்' என்பதை என் கையால் அடித்துவிட்டு, 'நம் கம்ப்யூட்டர்களைச் சோதித்துத் தந்தவர், திருப்பதி' என்று எழுதினேன். "ஏம்மா, அச்சடிச்சதுல கிறுக்கிக்கினு கீறே?" என்றார் ஹெட்மாஸ்டர். எல்லாவற்றையும் சொன்னேன், குடை உட்பட. அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தார். அப்புறம், "வரும்போது ஒரு விசிறி எட்தாரச் சொல்லு. அந்த மெஷினு திரும்பக் கத்துது" என்றார்.

நைனாவுக்கு இன்னும் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாதது இந்த ஒரு தடவை சௌகரியமாகப் போயிற்று. அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியவன் நீ. வா.

உன் அக்கா


திருப்பதி
1.11.2009

அக்கா,

உன் கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது. படித்துவிட்டு நாள் முழுக்கக் கடையில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான்தான் ஒளிந்தேன், நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. வருகிறேன். நைனாவிடம் நானே சொல்கிறேன். கத்தாத விசிறி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கிரண்


திருப்பதி
17.11.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இனி இந்த விலாசத்துக்கே எழுது.

விழாவில் நடந்தது நீ அறிந்ததுதான். முதல் நாளே வந்து நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் காலை பஸ்ஸில் வந்தேன், வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்கூலுக்கு வந்தேன். மைக்கில் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. 'திருப்பதியில் பழைய கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் கிரண்குமார்' என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது நைனா முன்வரிசை நாற்காலியில் இருந்தார். கொஞ்சம் கழித்துப் பார்த்தேன், நாற்காலி காலியாக இருந்தது, அவர் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். ரிப்பன் வெட்டிவிட்டு இறங்கினேன். அம்மா என் உள்ளங்கையைத் திருப்பி ஸ்க்ரூ கிழித்த தழும்பைத் தடவிவிட்டு, "துன்னியாடா?" என்றாள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நைனா என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தார். மாந்தோப்புக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்பார், அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு நடந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

"உங்கம்மா கண்ணு கட்டிக்கினு படுத்துக்கினு இருந்தாளே, அப்போ நீ எங்க இருந்த?" என்றார்.

"திருப்பதிலதான் நைனா."

"உன் கடைலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எம்மா நேரம் நடக்கணும்?"

"பத்து நிமிஷம்."

"கட்டு அவுத்ததும் மொதல்ல யாரப் பாக்கணும்னு டாக்டரு கேட்டாரு. அவ உன் பேரச் சொன்னா. அவன் பெங்களூர்ல கீறான், தூரம்னு நான்தான் சொன்னேன். என் வாயால அவளுக்குப் பொய்யி சொல்ல வெச்சிட்டியேடா."

பஸ் வந்தது. ஏறு என்று கையைக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, "ஞாயித்துக்கெயம வா" என்றார். வருகிறேன், அம்மாவிடம் சொல்.

நேற்று கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்து பார்த்தேன் அக்கா. நைனாவிடம் அதையும் சரியாகச் சொல்லவில்லை. ஏழு நிமிஷம்தான்.

உன் தம்பி
கிரண்